பழங்காசின் வண்ணம்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். பழைய காசு ஒன்று கைக்கு வரும்போது இரண்டாம் பொருளைப் பற்றியே நாம் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. அதன் நிறம் காலம் தந்ததா, மனிதன் கை தந்ததா? அதன் குறை பிறவிக் குறையா, பின்னர் நேர்ந்த காயமா? ஊரிலிருந்து வந்த பெட்டியில் பாட்டியின் விக்டோரியா ரூபாயைப் போற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் தலைநகரத் தமிழரிடையே பல உண்டு. ஆகவே இவ்வினாக்கள் நமக்கு அயலானவை அல்ல.

சாணக்யபுரியின் நிழற்சாலைகள் வழியே நாள்தோறும் அலுவலகம் செல்கிறோம். அப்பகுதிக்குப் பெயர் தந்த ஆசிரியர் இப்பொருளைப் பற்றி எழுதியிருப்பதை நினைப்பதில்லை. அவர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரம், காசுகளைச் சோதிக்க ‘ரூபதர்சகன்’ என்ற அதிகாரியை நியமிக்கிறது. வெள்ளிப் பணத்தின் 16 பங்கில் 4 பங்கு செம்பும், 1 பங்கு இரும்பு, தகரம், ஈயம் போன்ற ஏதேனும் ஒன்றும் சேர வேண்டும் என்கிறது. எனவே பழைய வெள்ளிக்காசு தூய வெண்மையாய் இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது பொருந்தாது. பொன்னை உரைகல்லில் உரைக்கும்போது நகத்தினுள் ஒளித்த காவிப்பொடியைத் தூவி ஏமாற்றும் தந்திரத்தையும் அந்நூல் எடுத்துரைக்கிறது. நிறத்தைப் பொய்யாக்கும் வித்தை அவ்வளவு பழமையானது.

தமிழகத்திலும் நாணய சோதகர் இருந்தனர். அவருக்கு ‘வண்ணக்கன்’ என்று பெயர். வண்ணம் என்னும் சொல்லே அப்பெயரில் ஒலிக்கிறது. புறநானூற்றுப் புலவருள் வடம வண்ணக்கன் தாமோதரனார் ஒருவர். ‘வடம’ என்ற அடை வடநாட்டுத் தொடர்பைக் காட்டும் என்பர் அறிஞர்.

இனி வண்ணக்கன் கண்கொண்டு பார்ப்போம். காற்றிலும் காகிதத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியின்மேல் மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. படலம் தடிக்கத் தடிக்க, முதலில் பொன்மஞ்சள், பின்பு செம்மை, பின்பு நீலம், இறுதியில் கருமை என நிறம் மாறும். இயற்கையாய்ப் படிந்த நிறம் பெரும்பாலும் விளிம்பில் தொடங்கி உள்நோக்கிப் படிப்படியாய் இறங்கும். தேய்ந்த மேடுகளில் வெளிறியும், எழுத்துகளின் இடுக்குகளில் அடர்ந்தும் நிற்கும். கந்தக மருந்திட்டும் சூடேற்றியும் விரைவில் ஏற்றிய நிறமோ வரிசை தவறித் தாவும். மேடு பள்ளம் பாராது ஒரே சீராய்ப் போர்த்தியிருக்கும். சில வேளை மருந்தின் வாடையும் காட்டிக் கொடுக்கும்.

செம்பின் செய்தி வேறு. செம்பும் களிம்பும் நம் சைவ சித்தாந்திகள் எடுத்தாளும் உவமை. காசிலோ களிம்பு இருவகை. வழவழப்பாய், இறுகிப் பற்றிய பச்சை நிறம் காசுக்குக் கவசம். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி நோய்; குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்பதால் வருவது. அத்தகைய காசை உலர்ந்த இடத்தில், பிற காசுகளினின்றும் பிரித்து வைக்க வேண்டும்.

குறைகளிலும் இத்தகைய வேற்றுமை உண்டு. அடிக்கும் அச்சில் விரிசல் விழுந்திருந்தால் காசில் புடைத்த கோடு தோன்றும். பிற்காலக் கீறல் பள்ளமாய்த் தோன்றும். இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசு கையால் அடித்தது. உருவம் சற்று ஒதுங்கி விழுந்திருப்பது அதன் இயல்பு. மணலில் வார்த்த போலியிலோ நுண்குமிழிக் குழிகளும், விளிம்பில் இணைப்புக் கோடும் காணப்படும். எடையும் சாட்சி சொல்லும். விக்டோரியா ரூபாயின் சட்டபூர்வ எடை 11.66 கிராம், 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. தேய்வினால் சிறிது குறையலாம். பெரிதும் மாறுபட்டால் ஐயுற வேண்டும்.

நம் இல்லங்களில் நேரும் பெருங்கேடு வேறொன்று. பூசைக்கு முன் குத்துவிளக்கோடு காசையும் புளியிட்டுத் தேய்க்கிறோம். நூறாண்டுகள் கூடி எழுதிய எழுத்து ஐந்து நிமிடத்தில் அழிகிறது. பளபளப்பு வந்தாலும் சேகரிப்போர் கண்ணில் மதிப்பு குறைகிறது. போன நிறம் மீள்வதில்லை.

ஏமாற்றுவோரிடமும் எச்சரிக்கை வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் தாங்கி, இராமரோ அனுமனோ அமைந்த காசுகளைக் காட்டி, அரிசியை இழுக்கும் அற்புதச் செம்பு என்று கூறிப் பணம் பறிப்போர் உண்டு. கம்பெனி அத்தகைய காசை வெளியிட்டதே இல்லை. தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்க முன்வருவோரிடம் ஏமாற வேண்டாமென 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. நூறாண்டு கடந்த காசுகள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்திற்கு உட்பட்டவை. அயல்நாட்டு உறவினருக்குப் பரிசாய் அனுப்புவதும் கூடாது.

நேயர்களே! மாலைக்காக வளையம் பற்றவைத்த ரூபாயைச் சேகரிப்போர் குறையுடையது என்று ஒதுக்கலாம். நம் குடும்பத்துக்கோ அவ்வளையமே வரலாறு. அதனைத் தேய்க்காமல், துலக்காமல், அமிலமற்ற காகித உறையிலிட்டு, யார் யாருக்கு எந்த ஆண்டில் தந்தது என்று அவ்வுறைமீது எழுதி வைப்போமாக. நம் பிள்ளைகள் பின்னாளில் அறிய விரும்பும் செய்தி அதுவே.