அபாண்டன்லயே நின்னுபோன புத்தகம்

சிங்கப்பூர்ல என் ரூம்மேட், செங்டுவிலிருந்து வந்த நர்ஸ். ஒருநாள் டியூட்டி முடிஞ்சு வந்தவள் சாப்பிடவே இல்லை. டாக்டரிடம் 'லிவர் இன்ஃப்ளமேஷன்' என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஹெபடைடிஸ் என்ற சொல் அந்த நேரத்துக்கு வாயில வரலை.

அவளைச் சொல்லிக் குத்தமில்லைங்க. சீனத்தில் 'யான்' என்றால் அழற்சி. கான்-யான் கல்லீரல், ஷென்-யான் சிறுநீரகம், ஃபெய்-யான் நுரையீரல். உறுப்பு தெரிஞ்சா நோயும் தெரிஞ்ச மாதிரி. ஆங்கிலத்தில் லிவருக்கும் ஹெபடைடிஸுக்கும், கிட்னிக்கும் நெஃப்ரைடிஸுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இந்த நோய்ப் பெயர்கள் கிரேக்கத்திலிருந்து வந்தவை.

அவளிடம் இருந்த வொகாபுலரி புத்தகம் 'அபாண்டன்'ல ஆரம்பிக்கும். அப்படின்னா கைவிடுறது. சீனாவில் இது பழைய ஜோக்: முதல் சொல்லோடவே பாதிப் பேர் கைவிட்டுடுவாங்களாம்! இவளும் அதை மூடி வைத்துவிட்டு, ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டாள். ஹெபட், கான். நெஃப்ர், ஷென். கடைசியில் 'ஐடிஸ்' வந்தால் யான். அகரவரிசையில் உருப்போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

போன வாரம் சமைச்சிட்டிருக்கும்போது கேட்டாள்: "ஆர்த்ரோஸ்கோப்பின்னா மூட்டுக்குள்ள பாக்குறதுதானே?" நான் போனை எடுத்துத் தேடிப் பார்த்துத்தான் ஆமாம்னு சொன்னேன்.