கோட்டுக் கடுதாசிக்கு ஒளிய வேண்டாம்

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் எங்கள் நிதியத்தின் சார்பில் ஆற்றிய பேச்சு)



பிள்ளைக்காம்பராவுக்கு நாங்கள் வரும்போதெல்லாம் தாய்மார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கோட்டுல இருந்து கடுதாசி வந்தா வாங்கலாமா, வேணாமா?" அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

அந்தக் கடுதாசிக்கு அழைப்பாணை என்று பெயர். அது தீர்ப்பு அல்ல. "இன்ன தேதியில் வந்து உன் பக்கத்தைச் சொல்" என்று நீதிமன்றம் கூப்பிடுவதுதான். வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகி விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கடுதாசி கைக்கு வந்தது என்பதற்கு மட்டுமே அந்தக் கையெழுத்து.

பிள்ளைகள் சம்பந்தமாக நமக்கு அதிகம் வருவது தாபரிப்பு வழக்கு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, வசதி இருந்தும் பிள்ளையைக் கவனிக்காத தகப்பன் மீதோ தாய் மீதோ நீதவான் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அப்போது எதிராளிக்கு அழைப்பாணை போகும். பிஸ்கால் உத்தியோகத்தரோ பொலிசாரோ அதைக் கொண்டு வருவார்கள். முதலில் அந்த ஆளின் கையிலேயே கொடுக்கப் பார்க்க வேண்டும். தேடியும் ஆள் அகப்படாவிட்டால் வீட்டிலுள்ள வயது வந்த ஒருவரிடம் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். ஆகவே, "அவரு கொழும்புக்குப் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு, வாங்கிய கடுதாசியைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைப்பது பெரிய பிழை. உடனே அவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஒளிந்தால் வழக்கு நின்று விடுமா? நிற்காது. வேண்டுமென்றே ஒளிகிறார் அல்லது வராமல் இருக்கிறார் என்று நீதவான் கண்டால், அவர் இல்லாமலே விசாரித்துக் கட்டளை போடலாம். அப்போது, "என் சம்பளம் இவ்வளவுதான், எனக்கு இந்த இந்தச் செலவு இருக்கு" என்று சொல்ல ஆள் இருக்காது. கட்டளைப்படி பணம் கட்டாவிட்டால் பாக்கியான ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை மறியல் கிடைக்கலாம். போய் நின்று பேசியிருந்தால் வராத வினை அது.

மனுப் போடும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. விலாசம் சரியில்லாவிட்டால் கடுதாசி திரும்பி வரும். வழக்கு அடுத்த தவணைக்குத் தள்ளிப் போகும். அந்த மாதமும் பிள்ளைக்குப் பால்மாவும் இல்லை, கொப்பியும் இல்லை. ஒரே டிவிஷனில் மூன்று ராமையா இருப்பார்கள். தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் பிஸ்கால் யாரைத் தேடுவார்? டிவிஷன், லய நம்பர், காம்பரா நம்பர், தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் கொடுங்கள். வெளியூரில் வேலை என்றால் அந்தக் கடையின் விலாசத்தையும் கொடுங்கள்.

பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால் அழைப்பாணை பதிவுத் தபாலிலும் வரும். நம் கடிதங்கள் பல தோட்டங்களில் ஆபீசுக்குத்தான் வருகின்றன. ஆகவே வழக்கு இருப்பவர்கள் ஆபீசில் அடிக்கடி விசாரியுங்கள். தப்பால்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

பிள்ளையையே பொலிஸ் பிடித்து, சிறுவர் நீதிமன்றமாகக் கூடும் நீதவான் முன் நிறுத்தினால், பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ அறிவிக்க வேண்டும். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அங்கே வெளியார் வேடிக்கை பார்க்க இடமில்லை. வெட்கப்பட்டு நீங்கள் போகாமல் இருந்தால் பிள்ளை தனியாக நிற்கும். ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை, போங்கள்.

கடுதாசி சிங்களத்தில் இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் அன்றைக்கே காட்டி, நீதிமன்றம் எது, வழக்கு இலக்கம் என்ன, தேதி என்ன என்ற மூன்றையும் தமிழில் எழுதி வாங்குங்கள். நீதிமன்றத்தில் தமிழில் பேசவும், நடப்பதைத் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்கவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை நமக்கு உரிமை தருகிறது. அதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

சட்டத்தரணிக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வசதி இல்லாதவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உண்டாக்கப்பட்டது அது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. கடுதாசியில் பெரியவர்களின் பெயர் இருக்கலாம். ஆனால் அந்தத் தவணையை எதிர்பார்த்து வீட்டில் இருப்பது பிள்ளை. நாம் ஒளிந்தால் காத்துக் கிடப்பது அதுதான்.