மேளம் கட்டும் கைகள்



தஞ்சை வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்படுபவை. நாளடைவில் மெழுகு இளகும்; மெட்டு பெயரும்; சுருதி விலகும். செவியையே அளவுகோலாகக் கொண்டு அவற்றை மீண்டும் நிறுத்துவதை 'மேளம் கட்டுதல்' என்பர்.

ஒலிப்பதிவுக் கூடங்களிலும் அத்தகைய கைகள் இருந்தன. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் காவிரிக்கரை நாகசுரத்தை நம் திண்ணைகளுக்குக் கொணர்ந்தது. பின்னர் ஒலிநாடா வந்தது. பதிவுக் கருவியைப் பேணுவோர் சோதனை நாடாவை ஓட்டுவர். நொடிக்கு 1,000 அதிர்வும் 10,000 அதிர்வும் கொண்ட ஒலிகளை அளவுமானியில் நோக்கி, திருப்புளியால் காந்தத்தலையின் சாய்வைத் திருத்துவர். தலை மயிரிழை சாய்ந்தாலும் நாகசுரத்தின் கூர்மை மழுங்கிவிடும்.

கணினி வந்தபின் நாடா அகன்றது. பழுதுற்ற பலகையைத் திருத்துவதில்லை, மாற்றிவிடுகின்றனர். திருப்புளி பிடித்த கைகள் ஓய்ந்தன. கருவி மாறுவது இயல்பு. அதற்காக நான் வருந்தவில்லை.

ஆனால் பழைய நாடாக்களில் உறங்கும் குரல்கள்? அவற்றைக் கணினிக்கு மாற்றுமுன் பழைய கருவியை நேர்செய்தாக வேண்டும். சாய்ந்த தலை படித்த மங்கலே நிலையான படியாகிவிடும். சரசுவதி மகாலில் சுவடி இருந்தால் மட்டும் போதுமா? படிக்கத் தெரிந்தவரும் வேண்டுமல்லவா? சோதனைக் கருவிக்கும் அதுவே நியதி.

எனவே என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஒலிப்பதிவுத் தொழில்நுட்பர் இருப்பின் தேடிச் செல்லுங்கள். அவரருகே ஒரு மாணவரை அமர்த்துங்கள். நாடா இன்னும் சில காலம் காத்திருக்கும். அந்தக் கைகள் காத்திரா.