எரிந்த ஏடுகள் பேசுகின்றன!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உம்ராவை முடித்துக் கொண்டு ஜோர்டான் நாட்டிற்கும் போய் வந்தாயே, அதைப் பற்றிப் பேசு என்று என்னைப் பணித்திருக்கிறார்கள். எந்த ஓட்டலில் தங்கினோம், என்ன சாப்பிட்டோம் என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். பூமியில் பயணம் செய்யுங்கள், உங்களுக்கு முன் வாழ்ந்தவர்களின் முடிவு என்னவாயிற்று என்று பாருங்கள் என்று திருக்குர்ஆன் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் நமக்குச் சொல்கிறது. பயணம் செய்யச் சொன்ன இறைவன், பார்க்கவும் சொல்கிறான். நாமோ பயணம் செய்கிறோம், படம் பிடிக்கிறோம், பேரீச்சம்பழம் வாங்குகிறோம், திரும்பி விடுகிறோம். பார்த்தோமா என்று கேட்டால் பதில் இல்லை. நான் பார்த்தவற்றில் நமது சமுதாயத்திற்கு இன்று அவசரமாகத் தேவைப்படும் ஒரு படிப்பினையை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

மண்ணுக்குள் அடுக்கடுக்காய்...

ஜோர்டான் சிறிய நாடு. எண்ணெய் வளம் இல்லை. தண்ணீரும் குறைவு. ஆனால் எங்கே தோண்டினாலும் ஒரு பழைய காலம் வெளியே வருகிறது. தலைநகர் அம்மானின் நடுவிலேயே ரோமர்கள் மலைச்சரிவில் கட்டிய அரங்கம் இருக்கிறது. எதிரே உள்ள குன்றின் மேல் ரோமர்களின் கோயில் தூண்களும், அவற்றுக்குச் சற்றுத் தள்ளி உமையா கலீஃபாக்கள் காலத்து மாளிகையும் பள்ளிவாசலும் இடிந்து கிடக்கின்றன. வடக்கே ஜெராஷ் நகரில் வரிசை வரிசையாகத் தூண்கள்! கி.பி. 749இல் ஏற்பட்ட பெரும் பூகம்பம் இந்தப் பகுதியின் நகரங்களையெல்லாம் உலுக்கிப் போட்டது. ரோமர்களின் ஆட்சியும் போயிற்று, உமையாக்களின் ஆட்சியும் போயிற்று. நிலைத்திருப்பவன் அல்லாஹ் ஒருவனே என்பதை வாயால் சொல்கிறோம். அங்கே போனால் கண்ணால் காண்கிறோம்.

பெயர் இல்லாத மாளிகை

தெற்கே பெட்ரா. நம்மவர்களில் சிலர் இதை ஸமூது கூட்டத்தாரின் ஊர் என்று தவறாகச் சொல்வதுண்டு. ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் சமுதாயம் வாழ்ந்ததாகக் கூறப்படும் அல்ஹிஜ்ர் சவூதி அரேபியாவில் இருக்கிறது. பெட்ரா, நபத்தியர்கள் என்னும் அரபு வணிகர்களின் தலைநகரம்.

வணிகப் பெருமக்களே! இது உங்கள் இனத்தாரின் கதை. கவனமாகக் கேளுங்கள்! தென் அரேபியாவிலிருந்து சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் ஒட்டக வரிசைகளில் மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்குப் போய்க் கொண்டிருந்த காலம் அது. அந்தப் பாதையில் எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பது நபத்தியர்களுக்குத் தெரியும். பாறையைக் குடைந்து வாய்க்கால் வெட்டினார்கள். மண் குழாய் பதித்தார்கள். எப்போதோ பெய்யும் மழையைத் தொட்டிகளில் தேக்கி, பாலைவனத்தின் நடுவே ஒரு நகரத்தை வாழ வைத்தார்கள். வந்து போகும் சரக்குகளால் செல்வம் குவிந்தது.

இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைகள் நிற்க, நடுவே ஒடுங்கிய சந்து ஒன்று, ஒரு கிலோ மீட்டருக்கும் மேல் நீள்கிறது. நடந்து அதன் முடிவுக்கு வந்ததும், பாறையில் குடைந்த ஒரு மாளிகை முகப்பு சுமார் 40 மீட்டர் உயரத்தில் கண் முன் எழுந்து நிற்கிறது. உலகம் முழுவதும் படங்களில் பார்க்கும் 'அல் கஸ்னா' அதுதான். கஸ்னா என்றால் கஜானா. உச்சியில் இருக்கும் கல் ஜாடிக்குள் புதையல் இருப்பதாக நம்பி அதை நோக்கிச் சுட்டிருக்கிறார்கள். குண்டு பட்ட தழும்புகளை இன்றும் காணலாம். உண்மையில் அது கஜானா அல்ல, கல்லறை.

யாருடைய கல்லறை? ஓர் அரசனுடையது என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். ஊகம்தான்! இவ்வளவு பெரிய மாளிகையைக் குடைந்தவர்கள் அதில் ஒரு பெயரைப் பொறித்து வைக்கவில்லை.

நபத்தியர்களுக்கு எழுதத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! நாம் குர்ஆன் ஓதும் அரபு எழுத்தே அவர்களுடைய எழுத்திலிருந்துதான் வளர்ந்து வந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. போகும் வழியெல்லாம் பாறைகளில் தங்கள் பெயரையும் ஒரு ஸலாமையும் கிறுக்கி விட்டுப் போயிருக்கிறார்கள். அப்படி ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஆனால் தங்கள் சரித்திரத்தை அவர்களே எழுதிய நூல் ஒன்று கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் கிரேக்கரும் யூதரும் எழுதி வைத்தவை. செங்கடல் வழியாகக் கப்பல் போக்குவரத்து பெருகியது. ஒட்டகப் பாதையின் மவுசு குறைந்தது. கி.பி. 106இல் ரோமப் பேரரசு அவர்களைத் தன்னோடு சேர்த்துக் கொண்டது. 363இல் பூகம்பம் நகரத்தைப் பாழாக்கியது. காலப்போக்கில் வெளியுலகம் அந்த ஊரையே மறந்து போயிற்று. 1812இல் ஓர் ஐரோப்பியப் பயணி வந்து பார்த்து எழுதிய பிறகுதான் உலகம் மீண்டும் பேசத் தொடங்கியது. சொந்த ஊரைப் பற்றிச் சொல்ல அந்நியன் வர வேண்டியதாயிற்று!

நெருப்பு காப்பாற்றிய பத்திரங்கள்

இதே பெட்ராவில் இன்னொரு இடமும் இருக்கிறது. கூட்டம் அங்கே அதிகம் போவதில்லை. கிறிஸ்தவர்களின் பழைய தேவாலயம் ஒன்றின் இடிபாடு அது. 1993இல் அதைத் தோண்டியவர்கள் ஓர் அறையில் கருகிய கட்டைகளைப் போன்ற பொருள்களைக் கண்டார்கள். அவை பாப்பிரஸ் சுருள்கள். சுமார் 140 சுருள்கள்! தேவாலயம் தீப்பற்றி எரிந்தபோது கரியாகிப் போனவை. கரியாகிப் போனதாலேயே மக்கிப் போகாமல் 1400 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தன. அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்து அவற்றை ஏடு ஏடாகப் பிரித்துப் படித்தார்கள்.

என்ன இருந்தது தெரியுமா? அரசர்களின் வெற்றிச் செய்தியா? அரண்மனை ரகசியமா? இல்லை! விற்பனைப் பத்திரம், வரிப் பெயர் மாற்றம், வாரிசுப் பங்கு, சீதனக் கணக்கு, சொத்துத் தகராறை நடுவர்கள் வைத்துத் தீர்த்துக் கொண்ட விவரம். எல்லாம் ஆறாம் நூற்றாண்டின் குடும்பக் காகிதங்கள்! எழுத்து கிரேக்கம். ஆனால் வயல்களுக்கும் வீடுகளுக்கும் இருந்த பெயர்கள் அரபு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த அதே நூற்றாண்டில் அந்த மண்ணில் மக்கள் வயலையும் வீட்டையும் அரபுப் பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதற்கு இந்தக் கருகிய பத்திரங்களே சாட்சி.

சகோதரர்களே! 40 மீட்டர் உயரக் கல்லறை தன் சொந்தக்காரனின் பெயரைச் சொல்லவில்லை. கரியாகிப் போன காகிதம், யார் யாருக்கு எந்த நிலத்தைக் கொடுத்தார் என்று சொல்கிறது. நீதிமன்றத்தில் எதை மதிப்பார்கள்? நீங்களே சொல்லுங்கள்!

முஅத்தாவில் நின்றபோது

கரக் நகருக்குத் தெற்கே முஅத்தா. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 629இல், 3000 முஸ்லிம்கள் ரோமப் படையை எதிர்கொண்ட களம். அருகே மஸார் என்னும் ஊரில் ஜைத் பின் ஹாரிஸா (ரலி), ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி), அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) ஆகிய மூவரும் அடங்கியிருக்கிறார்கள். அங்கே நின்றபோது கண்கள் குளமாயின.

அந்தக் களத்தில் நபித்தோழர்கள் வெற்றித் தூண் எதையும் நாட்டவில்லை. ஆனால் கொடியை முதலில் யார் பிடித்தார், அவருக்குப் பின் யார், ஜஅஃபர் (ரலி) அவர்களின் இரு கைகளும் வெட்டப்பட்ட பிறகும் கொடியை எப்படித் தாங்கினார், இறுதியில் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் படையை எப்படி மீட்டுக் கொண்டு வந்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். எப்படித் தெரியும்? கண்டவர் கேட்டவருக்குச் சொன்னார். கேட்டவர் மனனம் செய்தார். அடுத்தவர் எழுதினார். யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற சங்கிலியையும் சேர்த்தே எழுதினார்கள். அந்தச் சமுதாயத்தின் வாரிசுகள் நாம்!

அகபா துறைமுகமும் கடல் வணிகரும்

தென்கோடியில் செங்கடல் ஓரம் அகபா. அந்தக் காலத்தில் அதன் பெயர் அய்லா. ஹிஜ்ரி 9இல் தபூக் சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அய்லாவின் கிறிஸ்தவத் தலைவர் யூஹன்னா வந்தார். வரி செலுத்தச் சம்மதித்தார். கடலில் செல்லும் அவர்களுடைய கப்பல்களுக்கும், தரையில் செல்லும் அவர்களுடைய வணிகக் கூட்டங்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்று நபிகளார் உறுதியளித்தார்கள். வாய் வார்த்தையோடு விட்டார்களா? எழுதிக் கொடுத்தார்கள்! நாயகத்தின் வாக்கை விட உறுதியான வாக்கு உலகில் உண்டா? ஆயினும் எழுதிக் கொடுத்தார்கள்.

மதாபா நகருக்குத் தென்கிழக்கே உம்முர் ரஸாஸ் என்ற இடிந்த ஊரில் உள்ள ஒரு தேவாலயத்தையும் சொல்ல வேண்டும். அதன் தரை முழுவதும் வண்ணக் கற்களால் ஆனது. அந்தத் தரையிலேயே, பலிபீடப் பகுதியின் வேலை நடந்த ஆண்டைப் பொறித்திருக்கிறார்கள். நம் கணக்கில் அது கி.பி. 756. அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் யார்? அப்பாஸிய கலீஃபாக்கள்! முஸ்லிம்கள் ஆட்சிக்கு வந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆலயத்தை அலங்கரித்துக் கொண்டு நிம்மதியாக வழிபட்டார்கள். வாளால் பரவிய மார்க்கம் என்று நம்மைத் தூற்றுபவர்களுக்கு அந்தத் தேவாலயத்தின் தரையே பதில் சொல்கிறது. ஆண்டை எழுதி வைத்ததால் அல்லவா சொல்ல முடிகிறது!

நம் நிலை என்ன?

அன்பர்களே! இனி நம் வீட்டுக்கு வருவோம். சேதுபதி மன்னர்கள் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் நிலம் கொடுத்துச் செப்பேடு எழுதித் தந்தார்கள். இந்து மன்னரின் தாராளத்திற்கும், நமது முன்னோரின் நன்மதிப்பிற்கும் அந்தச் செப்பேடுகளே சாட்சி. அப்படிப்பட்ட முன்னோரின் பிள்ளைகளாகிய நம் கையில் இன்று என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் ஒரு பழைய முத்தவல்லி வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள். பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதி அரபுத்தமிழில் எழுதியது. படிக்க ஆள் இல்லை! பெட்ராவில் நெருப்பு காப்பாற்றியதை இங்கே நமது அலட்சியம் அழித்து விட்டது.

2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். பத்திரம் இல்லாவிட்டாலும், காலங்காலமாகத் தொழுகைக்கும் அடக்கத்திற்கும் பயன்பட்டு வந்தாலே அது வக்ஃபுதான் என்று ஏற்கும் முறை இருந்தது. இனிமேல் வருபவற்றிற்கு அந்த முறை இல்லை என்கிறது புதிய சட்டம். முன்பே பதிவானவை தொடரலாம். ஆனால் தகராறில் உள்ளவற்றிற்கும் அரசு நிலம் என்று சொல்லப்படுபவற்றிற்கும் அந்தப் பாதுகாப்பும் இல்லை. இதை எதிர்த்துச் சமுதாயம் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. ஜனநாயக வழியில் அந்தப் போராட்டம் நடக்க வேண்டியதுதான். ஆனால் கோஷம் போடுவது மட்டும் போதுமா? நாளை ஓர் அதிகாரி வந்து, இந்தக் கபரஸ்தான் யாருடையது என்று கேட்டால் நாம் எதைக் காட்டுவோம்? பாட்டனார் சொன்னார் என்றா?

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? அல்பகரா அத்தியாயத்தில் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்வது பற்றியது! தொகை சிறிதோ பெரிதோ, எழுதச் சலிப்படையாதீர்கள் என்று இறைவன் கட்டளையிடுகிறான். அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று நாம் பெருந்தன்மை பேசுகிறோம். பிறகு அண்ணன் பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் நீதிமன்ற வாசலில் நிற்கிறார்கள்.

ஆகவே மூன்று வேலைகளைச் சொல்கிறேன்.

வணிகர்களே! கூட்டு வியாபாரமானாலும், கைமாற்றானாலும் எழுதுங்கள். இரண்டு சாட்சிகளை வையுங்கள். பழைய பேரேடுகளை எடைக்குப் போடாதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! பள்ளிவாசல், மதரஸா, கபரஸ்தான் ஒவ்வொன்றின் பத்திரம், பட்டா, வரி ரசீது அனைத்தையும் திரட்டி நகல் எடுத்து மூன்று இடங்களில் வையுங்கள். பத்திரம் இல்லாவிட்டால் இன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

இளைஞர்களே! உங்கள் கையில் கேமரா உள்ள கைப்பேசி இருக்கிறது. அதைக் கொண்டு ஊர்ப் பள்ளியின் கல்வெட்டையும் மையவாடியின் மீஸான் கற்களையும் படம் எடுங்கள். முதியவர்கள் சொல்வதைத் தேதி போட்டு எழுதுங்கள். அரபுத்தமிழ் தெரிந்த ஆலிம்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து படிக்கக் கற்றுக் கொள்ளுங்கள். ஜோர்டானுக்கோ, துருக்கிக்கோ, எகிப்துக்கோ போகும் பாக்கியம் கிடைத்தால் போய் வாருங்கள். ஆனால் முதலில் உங்கள் தெருவுக்குப் போய் வாருங்கள்!

பெட்ராவின் வணிகர்கள் நம்மை விடச் செல்வந்தர்கள். நம்மை விடத் திறமைசாலிகள். அவர்கள் குடைந்த மாளிகை முன்னே நின்று யாருடையது இது என்று உலகம் இன்றும் கேட்டுக் கொண்டிருக்கிறது. நாம் தொழுத பள்ளியைக் காட்டி நாளை நம் பேரப்பிள்ளைகளிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலை வரக்கூடாது. வராமல் காக்க அல்லாஹ் நமக்கு அறிவையும் உழைப்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.