சிலாவத்துறையும் மீரியபெத்தவும்: இடரில் கைகொடுத்த மக்கள்

(ஒக்டோபர் நினைவுக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் பெண் தோழர்களுக்கு முதலில் எங்கள் நன்றி.

ஒக்டோபர் 29 நம்மால் மறக்க முடியாத நாள். 2014ஆம் ஆண்டு அன்று காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அவர்களை நினைத்துத்தான் சற்று முன்பு எழுந்து நின்றோம்.

மீரியபெத்தவோடு சேர்த்து இன்று இன்னோர் ஊரைப் பற்றியும் பேச நினைக்கிறோம். மன்னார் மாவட்டத்தில், முசலிப் பகுதியில் இருக்கிற சிலாவத்துறை. மீரியபெத்த மண்சரிவுக்கு 24 ஆண்டுகளுக்கு முன்னால், இதே ஒக்டோபர் கடைசியில்தான் அந்தப் பகுதி மக்களும் ஒரு சில நாட்களுக்குள் எல்லாவற்றையும் இழந்தார்கள். அங்கே மலை சரியவில்லை. மனிதர்கள் செய்த கொடுமை அது. ஆனால் வீடிழந்து நிற்கிறவனின் பசிக்கும் பயத்துக்கும் காரணம் எதுவானாலும் வித்தியாசம் இல்லை. அந்த நேரத்தில் யார் வந்து கைகொடுக்கிறார்கள், அந்தக் கையை எத்தனை நாள் நம்பலாம் என்பதுதான் இன்று நாம் பேச வேண்டிய விஷயம்.

தேயிலை மலைக்கும் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம்முடைய முன்னோர் தோணியில் வந்து கால் வைத்தது மன்னார்க் கரையோரத்தில்தான். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். தாகத்திலும் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்மவர்கள் அழுகைக் கோச்சியில் ஏறிப் போனதும் தலைமன்னாருக்குத்தான். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கு. நாம் வந்த வாசலும் அதுதான், நம்மை அனுப்பிய வாசலும் அதுதான்.

சிலாவத்துறை அந்தக் கரையில், அரிப்புக்கு அடுத்து இருக்கிறது. சிலாபம் என்றால் முத்துக்குளிப்பு. முத்துக்குளித்த துறை என்பதால் வந்த பெயர் அது. பிரித்தானியர் காலத்தில் முத்துக்குளிப்பு நடக்கும் மாதங்களில் அந்த வெறும் மணல்வெளியில் பல்லாயிரம் பேர் குடிசை போட்டுத் தங்குவார்கள். ஆளுநர் பிரெடரிக் நோர்த் அதை மேற்பார்வை செய்யவென்று அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்றும் கடலோரத்தில் நிற்கிறது. 1900களின் தொடக்கத்தில் அள்ளி வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு, ஒரு குவியல் உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்களுக்கு. கொழுந்து பறிக்கிற நமக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

முத்துக்குளிப்பவர் தனியாக மூழ்க முடியாது. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு அவர் கீழே போவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தவுடன் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் உயிர் போய்விடும். அதனால் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள், தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறது அல்லவா என்று சொல்வார்கள். ஒருவர் உயிர் இன்னொருவர் கையில் இருப்பது அந்தக் கரைக்குப் புதிது இல்லை.

இனி 1990க்கு வருவோம். அந்த ஒக்டோபரில் வடக்கு மாகாணத்தில் இருந்த முஸ்லிம் மக்கள் அத்தனை பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர் என்று கணக்கிடப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரக் கெடு. மன்னாரில் சில நாட்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு, வயல், தோணி, மாடு, கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கையில் எடுக்க முடிந்த பைகளோடு போகச் சொன்னார்கள். சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி, எருக்கலம்பிட்டி என்று மன்னார் மாவட்டத்தின் முஸ்லிம் ஊர்கள் எல்லாம் வெறிச்சோடிப் போயின.

தோழர்களே, இது தமிழரின் பெயரால் நடந்தது. நாமும் தமிழர்கள். 1948இல் நம்முடைய குடியுரிமையைப் பறித்தபோதும், ஒப்பந்தம் போட்டு நம்மை ஆள் கணக்கில் பங்கு பிரித்தபோதும் "நீ இந்த ஊர்க்காரன் இல்லை" என்று சொல்லக் கேட்டவர்கள் நாம். அதே சொல்லை இன்னொருவருக்கு யார் சொன்னாலும் அது அநியாயம் என்று முதலில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.

அந்த இருட்டிலும் மனிதர்கள் இருந்தார்கள். அந்த உத்தரவு வேண்டாம் என்று மன்னார்த் தமிழ் மக்களும் கத்தோலிக்கக் குருமாரும் போய்க் கேட்டார்கள். உத்தரவு மாறவில்லை. ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் போய், பக்கத்து வீட்டுக்காரனை விரட்டாதே என்று அந்தக் காலத்தில் கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மன்னாரில் இருந்து பெரும்பாலானவர்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போனார்கள். பிள்ளைகளும் வயதானவர்களும் கர்ப்பிணிகளும் அந்தப் படகுகளில் இருந்தார்கள். கற்பிட்டியிலும் புத்தளத்திலும் இருந்தவர்கள் ஒன்றும் பணக்காரர்கள் இல்லை. மீன் பிடிப்பவர்கள், தென்னந்தோட்டத்திலும் உப்பளத்திலும் கூலி வேலை செய்பவர்கள்தான் அதிகம். கரையிறங்கியவர்களுக்கு அவர்கள் சோறு கொடுத்தார்கள், வீட்டில் இடம் கொடுத்தார்கள், பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டார்கள். தென்னந்தோட்டங்களில் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. அரசாங்கத்தின் அரிசியும் நிறுவனங்களின் உதவியும் பிறகுதான் வந்தன.

இதுவரை சொன்னது நம்பிக்கை தருகிற பகுதி. அடுத்து நடந்ததையும் சொல்லாவிட்டால் நாம் பாதி உண்மையைத்தான் பேசியவர்கள் ஆவோம்.

சில வாரம் என்று நினைத்தது இருபது ஆண்டு ஆனது. கிணறு அதேதான், குடிக்கிறவர்கள் பல மடங்கு. பள்ளிக்கூடத்தில் வாங்கு அதேதான், பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வரிசை நீண்டது. வந்தவர்கள் பசிக்காகக் குறைந்த கூலிக்கும் வேலைக்குப் போனார்கள். உள்ளூர்க்காரரின் கூலியும் இறங்கியது. கை கொடுத்தவருக்கும் கை நீட்டியவருக்கும் இடையே மனக்கசப்பு வந்தது. "அகதி" என்ற சொல் வசைச் சொல் ஆனது.

இதற்குப் புத்தளத்து மக்களைக் குறை சொல்ல நாங்கள் தயாரில்லை. வந்தவர்களையும் குறை சொல்ல மாட்டோம். ஏழையின் பாரத்தை ஏழையின் தலையில் வைத்துவிட்டு, ஆட்சியில் இருந்தவர்கள் விலகி நின்றார்கள். கயிறு பிடிக்கிறவருக்கும் கை வலிக்கும். அவருக்குத் துணையாக இன்னும் நாலு பேர் வந்து பிடிக்காவிட்டால் அவர் என்ன செய்வார்?

2009இல் யுத்தம் முடிந்த பிறகு முசலி மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். வயலும் வளவும் காடாகிக் கிடந்தன. சிலாவத்துறையில் மக்களின் காணியில் கடற்படை முகாம் இருந்தது. அதை விடுவிக்கச் சொல்லி 2018இல் மக்கள் தொடர்ந்து போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதே முசலிப் பகுதியில் முள்ளிக்குளம் என்ற கத்தோலிக்கத் தமிழ்க் கிராமத்தின் கதையும் இதுதான். 2007இல் வெளியேற்றப்பட்ட அந்த மக்கள் 2017 மார்ச்சில் வீதியில் உட்கார்ந்து, ஒரு மாதத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. ஏப்ரல் இறுதியில் காணியின் ஒரு பகுதியை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. முழுவதும் கிடைக்கவில்லை, ஆனால் அசைய மாட்டோம் என்றவர்கள் அசைந்து கொடுத்தார்கள். முஸ்லிம் ஊருக்கும் கத்தோலிக்க ஊருக்கும் கோரிக்கை ஒன்றுதான்: எங்கள் மண்ணை எங்களிடம் கொடு.

இப்போது நம்முடைய மலைக்கு வருவோம். 1977, 1981, 1983 வன்செயல்களில் தோட்டங்களில் இருந்து விரட்டப்பட்ட நம் குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் மன்னாருக்கும் போனார்கள். அவர்களைக் குடியமர்த்தக் காந்தியம் என்ற அமைப்பு பாடுபட்டது. அதை நடத்திய டாக்டர் ராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் 1983 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார்கள். வெலிக்கடைச் சிறையில் ஜூலை 27ஆம் தேதி ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். நமக்குக் கை கொடுத்ததற்காக உயிரையே கொடுத்தவர் அவர். அதே 83இல் நம்மவர்களை வீட்டுக்குள் ஒளித்து வைத்து, வாசலில் நின்று "இங்கே யாரும் இல்லை" என்று சொன்ன சிங்கள அயலவர்களின் கதை பல தோட்டங்களில் இருக்கிறது. வயதானவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

மீரியபெத்தவில் முதலில் மண்ணைத் தோண்டியது யார்? பக்கத்து லயத்துக்காரர்களும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும்தான். மண்வெட்டியாலும் வெறும் கையாலும் தோண்டினார்கள். பிறகுதான் இராணுவமும் இயந்திரமும் வந்தன. தங்கவைத்த பள்ளிக்கூடங்களுக்கு நாட்டின் பல பக்கங்களில் இருந்தும் சாப்பாடும் துணியும் வந்தன. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் கொண்டுவந்தார்கள். அதில் நமக்குப் பெருமைதான்.

ஆனால் அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போகச் சொன்னார்கள், போக இடம் கொடுக்கவில்லை. உயிர் பிழைத்தவர்களில் பலர் புது வீட்டுக்குக் காத்திருந்த காலத்தைப் பழைய தேயிலைத் தொழிற்சாலையில்தான் கழித்தார்கள். சோற்றுப் பொதி வந்த வேகத்தில் காணி உறுதி வரவில்லை.

சிலாவத்துறையும் மீரியபெத்தவும் சேர்ந்து நமக்குச் சொல்வது இதுதான். இடர் வந்த அன்று நம்மைக் காப்பாற்றுவது அயலவரின் இரக்கம். அந்த இரக்கத்தைப் பார்க்கும்போதுதான் இந்த நாட்டின் மேல் நமக்கு நம்பிக்கை வருகிறது. ஆனால் இரக்கத்தை மட்டும் நம்பி இருபது வருடம் வாழ முடியாது. உதவி களைத்துப் போவதற்குள் அதை உரிமையாக மாற்ற வேண்டும். அந்த வேலைக்குத்தான் சங்கம்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிடமும் சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். மழைக்காலம் வருகிறது, தள்ளிப் போடாதீர்கள்.

முதலாவது, மரண உதவிச் சங்கம் நம் தோட்டங்களில் பழைய வழக்கம். ஒரு வீட்டில் சாவு என்றால் வீட்டுக்கு வீடு காசு சேர்க்கிறோம், அரிசி கொடுக்கிறோம், கூட இருந்து எல்லாக் காரியமும் பார்க்கிறோம். அதே பெட்டியில் இடர் காலத்துக்கென்று ஒரு சின்னத் தொகையைத் தனியாக வையுங்கள். கணக்கைப் பெண் தோழர்கள் கையில் கொடுங்கள்.

இரண்டாவது, மண் வெடிப்புள்ள இடம், சாய்ந்த சுவர், லயத்துக்குப் பின்னால் ஊறும் தண்ணீர் எல்லாவற்றையும் வீட்டு இலக்கத்தோடு எழுதுங்கள். ஒரு பிரதி நிர்வாகத்துக்கு, ஒரு பிரதி கிராம சேவகருக்கு, ஒரு பிரதி சங்கத்துக்கு. கொடுத்த திகதியையும் வாங்கியவரின் கையொப்பத்தையும் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்லக் கூடாது.

மூன்றாவது, "இடம் மாறு" என்று அறிவித்தல் வந்தால், எங்கே, எப்போது, யார் பெயரில் உறுதி என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். ஆனால் அபாய மழையில் பதிலுக்காக லயத்துக்குள்ளேயே காத்திருக்காதீர்கள். முதலில் உயிர்.

நான்காவது, பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும், கடைவீதியில் இருக்கிற முஸ்லிம் குடும்பங்களுக்கும் நல்ல நாளிலேயே போய்ப் பழகுங்கள். அவர்களுக்கு ஒரு துன்பம் என்றால் நாம் முதலில் போய் நிற்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு பெயர் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

2023ஆம் ஆண்டு, நாம் வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து நம்மவர்கள் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ஜூலை 28இல் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் போய்ச் சேர்ந்தார்கள். முன்னோர் தண்ணீர் இல்லாமல் விழுந்த அதே வழியில், இந்த முறை ஊர் ஊராக மக்கள் தண்ணீரோடும் சாப்பாட்டோடும் காத்திருந்து வரவேற்றார்கள். அப்படிக் காத்திருக்கிற மக்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாமும் அப்படிப்பட்ட மக்களாக இருப்போம். காணிக்கும் வீட்டுக்கும் உரிய நம் கோரிக்கையையும் விடாமல் பிடித்திருப்போம்.

கமிட்டிகளின் பட்டியல் அடுத்த மாதச் சந்தாவோடு சங்கக் காரியாலயத்துக்கு வந்து சேரட்டும்.