ஸ்ரீநகர் சொன்ன பதில்

என் ஆசிரியர்கள் நின்று பேசிய இடம் இது. அந்த நினைப்பே சற்றுத் தயங்க வைக்கிறது.

‘இரைப்பைப் புண்ணில் மறு ரத்தக்கசிவு: இன்றைய நிலை’ என்பது மாநாட்டின் பொருள். அமிலத்தில் தட்டணுக்கள் ஒட்டாது, உறைந்த கட்டியைப் பெப்சின் கரைத்துவிடும், அதனால் பி.எச். 6க்கு மேல் நிற்க வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. கிளிப், வெப்பச் சிகிச்சை பற்றி வல்லவர்கள் பேசவிருக்கிறார்கள். நான் ஓர் ஆய்வுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

1997இல் ஸ்ரீநகரிலிருந்து குரூவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு அது. 220 நோயாளிகள். பாதிப் பேருக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் ஓமிப்ரசோல், வாய்வழியாக, 5 நாள். மற்றவர்களுக்குப் போலி மருந்து. எண்டாஸ்கோப்பியில் புண்ணைப் பார்த்தார்கள். அதன் வழியே சிகிச்சை தரவில்லை. ரத்தம் நிற்காதவர்களும் மீண்டும் கசிந்தவர்களும், மருந்து பெற்ற 110 பேரில் 12. பெறாத 110 பேரில் 40. அறுவைக்குப் போனவர்கள் முறையே 8, 26.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில், நான் மிகவும் மதிக்கும் மூத்தவர் ஒருவர் இதை ஒரே வரியில் ஒதுக்கினார். 1992இல் நாட்டிங்காமில் 1147 பேரைச் சேர்த்து ஓமிப்ரசோலைச் சோதித்தும் மறு கசிவோ மரணமோ குறையவில்லையே என்றார். அன்று பேசாமல் இருந்துவிட்டேன். இன்று சொல்கிறேன்: நாட்டிங்காமில் ரத்தக்கசிவோடு வந்த எல்லாரையும் சேர்த்தார்கள். தானாகவே நின்றுவிடும் கசிவில் எந்த மருந்தின் பலன் தெரியும்? ஸ்ரீநகரில் சேர்த்தது ஆபத்து அடையாளம் தெரிந்த புண்களை மட்டும்.

அடுத்து ஹாங்காங். 2000இல் லாவும் சகாக்களும், எண்டாஸ்கோப்பியில் ரத்தத்தை நிறுத்திய பிறகு 80 மில்லிகிராம் ஓமிப்ரசோல் ஊசி, தொடர்ந்து மணிக்கு 8 மில்லிகிராம் வீதம் 72 மணி நேரம் டிரிப் கொடுத்தார்கள். 30 நாளில் மறு கசிவு 22.5 சதவீதத்திலிருந்து 6.7 ஆனது. அருமையான ஆய்வு, ஐயமில்லை. ஆனால் அந்த டிரிப் வென்றது போலி மருந்தை. வாய்வழி மருந்தோடு அதை அங்கே யாரும் ஒப்பிடவில்லை. பிறகு எப்படி 72 மணி நேர டிரிப் மட்டுமே சரியான சிகிச்சை என்று நம் வார்டுகளில் வேரூன்றியது? விட்டுவிட்டுத் தரும் மருந்தும் தொடர் டிரிப்புக்குக் குறைந்ததல்ல என்று 2014இல் 13 ஆய்வுகளைத் திரட்டிய தொகுப்பாய்வு காட்டியது. 2021இன் அமெரிக்க வழிகாட்டுதலும் இரண்டையும் ஏற்கிறது.

எண்டாஸ்கோப்பியைக் கைவிடச் சொல்லவில்லை. பீறிட்டோ ஊறியோ ரத்தம் வடிந்துகொண்டிருந்த புண்களில் ஸ்ரீநகர் மருந்தும் உதவவில்லை. குரூவே அதை எழுதியிருக்கிறார். ரத்தக்குழாய் தெரிந்த புண்ணிலும் கட்டி ஒட்டிய புண்ணிலும்தான் அது காப்பாற்றியது. நள்ளிரவில் ரத்த வாந்தியோடு வருபவரை இன்ஃபியூஷன் பம்பும் எண்டாஸ்கோப்பி மருத்துவரும் இல்லாத ஊரில் பார்க்கும் இளம் மருத்துவர், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வரை கையில் எடுக்கக்கூடியது இந்த வாய்வழி மருந்துதான்.

வழிகாட்டுதல் வரைவைக் கையிலெடுக்கும் நண்பர்களே, அந்த மருத்துவருக்கும் ஒரு பத்தி எழுதுங்கள். அதில் வாய்வழி அளவையும் போடுங்கள்.