பால்மரத்துப் பாலும் இரண்டு டியூப் பசையும்



சென்ற ஆண்டு நம் பள்ளிச் சுழற்கிண்ணத்தின் கைப்பிடி கழன்றது. இரண்டு டியூப் பசையைக் கலந்து நானே ஒட்டினேன். கல்லு மாதிரி இறுகிற்று. ஒரு மாணவன் கை தவறிக் கீழே போட்டான். ஒட்டிய இடத்திலேயே படக்கென்று தெறித்தது. எல்லார் முன்னிலும் அவனைத் திட்டிவிட்டேன். அது நியாயமில்லை.

அந்தப் பசைக்கு எபோக்சி என்று பெயர். இறுகியதும் அதன் மூலக்கூறுகள் வலைபோல் பின்னிக்கொள்ளும். பலம் உண்டு, விட்டுக்கொடுக்கும் குணம் கிடையாது. சின்னக் கீறல் விழுந்தால் போதும், தடுக்க ஆளில்லாமல் ஓடிவிடும்.

தடுக்கும் ஆள் எங்கே இருக்கிறார் தெரியுமா? விடியற்காலையில் நீங்கள் மங்கில் சேர்க்கிறீர்களே, அந்தப் பாலில்! பாலோடு ஃபார்மிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்துப் பக்குவம் செய்தால் ரப்பரில் ஆக்சிஜன் ஏறும். (அமிலம் ஊற்றினால் பால் உறைந்துவிடாதா என்று கேட்பீர்கள். உறையாமலிருக்க முதலிலேயே வேறொரு மருந்து சேர்க்கிறார்கள்.) ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளில் நூற்றுக்கு 50-இல் ஆக்சிஜன் ஏறிய வகை 'ஈஎன்ஆர் 50'. சாதாரண ரப்பரைவிட இது எபோக்சியோடு நன்றாக உறவாடும்.

இதைத் திரவமாக்கிச் சிறிதளவு பசையில் கலந்தால், இறுகும்போது கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகப் பிரிந்து நிற்கும். ஓடிவரும் கீறல் அதில் முட்டும். ரப்பர் இழுபட்டு அதன் வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஆசைப்பட்டு அதிகம் ஊற்றினால் பசை நெகிழும், சூடும் தாங்காது.

கைப்பிடியை இப்போது திருகாணி போட்டு முறுக்கியிருக்கிறேன். இன்று கிண்ணத்தை மேடைக்குத் தூக்கி வரப்போகிறவன் அதே மாணவன்தான்.